1988-ன் சாம்பியன் யார்? எக்ஸெல்லில் ஒரு மறு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லைத் திறந்து, கட்டங்களைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுவது உண்டு. வீட்டுச் செலவுக் கணக்கு போட எல்லோருக்கும் பிடிக்காது. அதனால் இந்த முறை கார் பந்தயக் கணக்கு ஒன்றைப் போடுவோம். ஒரு விதி மாறியிருந்தால் பார்முலா 1 வரலாறே மாறியிருக்குமா என்பதுதான் கேள்வி. இதில் ரீப்ளேஸ், ஆட்டோ சம், சார்ட் ஆகிய மூன்று வசதிகளையும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் கதை. 1988-ல் மெக்லாரன் அணியில் அயர்டன் சென்னா, அலென் ப்ராஸ்ட் என்ற இரண்டு பெரும் வீரர்கள் இருந்தார்கள். மொத்தம் 16 பந்தயங்கள். அவற்றில் 15-ஐ இவர்கள் இருவரே வென்றார்கள். முதல் ஆறு இடங்களுக்கு முறையே 9, 6, 4, 3, 2, 1 புள்ளிகள். ஆனால் ஒரு விசித்திரமான விதி இருந்தது. ஒருவருடைய 16 முடிவுகளில் சிறந்த 11 மட்டுமே கணக்கில் சேரும். மற்றவை தள்ளுபடி.

இனி வேலைக்கு வருவோம். புதிய ஒர்க்ஷீட்டில் ஏ1 செல்லில் "பந்தயம்", பி1-ல் "சென்னா", சி1-ல் "ப்ராஸ்ட்" என டைப் செய்யவும். 2-வது வரிசையிலிருந்து கீழே உள்ளவற்றை வரிசையாகக் கொடுக்கவும். முதல் எண் சென்னா பிடித்த இடம், அடுத்தது ப்ராஸ்ட் பிடித்த இடம். பந்தயத்தை முடிக்காதவருக்கும் தகுதி நீக்கம் செய்யப்பட்டவருக்கும் 0.

பிரேசில் – 0, 1
சான் மரினோ – 1, 2
மொனாக்கோ – 0, 1
மெக்சிகோ – 2, 1
கனடா – 1, 2
டெட்ராய்ட் – 1, 2
பிரான்ஸ் – 2, 1
பிரிட்டன் – 1, 0
ஜெர்மனி – 1, 2
ஹங்கேரி – 1, 2
பெல்ஜியம் – 1, 2
இத்தாலி – 10, 0
போர்ச்சுகல் – 6, 1
ஸ்பெயின் – 4, 1
ஜப்பான் – 1, 2
ஆஸ்திரேலியா – 2, 1

புள்ளிகளை நேராக டைப் செய்யாமல் ஏன் இடத்தை டைப் செய்கிறோம்? இத்தாலியைப் பாருங்கள். 10-ம் இடத்துக்கு 1988-ல் புள்ளி இல்லை. நாம் 0 என்று போட்டிருந்தால், 10-ம் இடத்துக்கும் புள்ளி தரும் இன்னொரு விதியில் கணக்குப் பார்க்கவே முடியாது. நடந்ததை அப்படியே பதிவு செய்யுங்கள். அதிலிருந்து கணக்கைப் பிறகு எப்படி வேண்டுமானாலும் போடலாம்.

அடுத்து பி, சி காலங்களைக் காப்பி செய்து, இ, எஃப் காலங்களில் பேஸ்ட் செய்யவும். மூலத்தைத் தொட வேண்டாம். இ2 முதல் எஃப்17 வரை செலக்ட் செய்து, கண்ட்ரோல் கீயுடன் ஹெச் கீயை அழுத்தவும். ரீப்ளேஸ் டயலாக் பாக்ஸ் கிடைக்கும். அதில் ஆப்ஷன்ஸ் பட்டனில் கிளிக் செய்து, "மேட்ச் என்டயர் செல் கன்டென்ட்ஸ்" என்ற பெட்டியில் டிக் செய்யவும். இதை மறந்தால், 1-ஐ 9 ஆக்கும்போது 10 என்பது 90 ஆகிவிடும்!

இப்போது இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக "ரீப்ளேஸ் ஆல்" கொடுக்கவும்: 1-க்கு 9, 6-க்கு 1, 2-க்கு 6, 4-க்கு 3, 10-க்கு 0.

வரிசை ஏன் முக்கியம்? மென்பொருள் எழுதுவதே தொழிலாக இருந்தும் நான் இதில் சறுக்கினேன். 1, 2, 4, 6 என்று இயல்பான வரிசையில் மாற்றினேன். 2-ம் இடங்கள் எல்லாம் 6 ஆயின. கடைசியில் 6-க்கு 1 கொடுத்தபோது அந்த ஆறுகளும் ஒன்றாகிவிட்டன. மொத்தம் பார்த்தால் சென்னா 79, ப்ராஸ்ட் 70. நான் சென்னா ரசிகன். அந்த ஆண்டு பட்டம் பெற்றவரும் சென்னாதான். எனவே விடை சரி என்றே நம்பிவிட்டேன். ப்ராஸ்டின் 7 வெற்றிகளுக்கு மட்டுமே 63 வர வேண்டும், 7 இரண்டாம் இடங்களுக்கு வெறும் 7 தானா என்று பிறகுதான் உறைத்தது. நாம் விரும்பிய விடை வந்தால்தான் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

இ18 செல்லில் கிளிக் செய்து, ஹோம் டேபில் உள்ள ஆட்டோ சம் பட்டனை அழுத்தி என்டர் தட்டவும். எஃப்18-லும் அப்படியே. சென்னா 94, ப்ராஸ்ட் 105. ப்ராஸ்ட்தான் முன்னிலை!

இப்போது 11 விதி. இ2 முதல் இ17 வரை மட்டும் செலக்ட் செய்து, டேட்டா டேபில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் சார்ட் பட்டனை அழுத்தவும். பக்கத்துக் காலத்தையும் சேர்க்கலாமா என்று எக்ஸெல் கேட்கும். "கன்டினியூ வித் த கரன்ட் செலக்ஷன்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். எஃப் காலத்தையும் தனியே இப்படி அடுக்கவும். பிறகு ஒவ்வொன்றிலும் மேலிருந்து 11 செல்களை மட்டும் செலக்ட் செய்தால், திரையின் அடியில் கூட்டுத்தொகை தெரியும். சென்னா 90, ப்ராஸ்ட் 87. சென்னா இழந்தது 4 புள்ளிகள், ப்ராஸ்ட் இழந்தது 18. பட்டம் கைமாறிய இடம் இதுதான்.

2010-ல் வந்த புள்ளி முறையிலும் பார்க்கலாம். மூலத்தை மீண்டும் காப்பி செய்து, 1-க்கு 25, 2-க்கு 18, 4-க்கு 12, 6-க்கு 8, கடைசியாக 10-க்கு 1 என மாற்றவும். எல்லாப் பந்தயங்களையும் கூட்டினால் ப்ராஸ்ட் 301, சென்னா 275.

அப்படியானால் ப்ராஸ்டுக்கு நான்குக்குப் பதில் ஐந்து பட்டங்கள், சென்னாவுக்கு மூன்றுக்குப் பதில் இரண்டு என்று எழுதிவிடலாமா? முடியாது. ஜப்பானில் சென்னாவின் கார் தொடக்கத்திலேயே நின்றுபோய், பின்தங்கி, பிறகு எல்லோரையும் முந்தி வென்றார். அந்த 8-வது வெற்றியோடு பட்டம் உறுதியானது. அதன் பிறகு ஆஸ்திரேலியாவில் ப்ராஸ்ட் வென்றாலும் இருவரும் 87-ல் சமமாவார்கள், அதிக வெற்றிகள் பெற்ற சென்னாவுக்கே பட்டம். வீரர்கள் இருக்கும் விதியைத் தெரிந்துகொண்டுதான் ஓட்டினார்கள். வேறு விதி இருந்திருந்தால் வேறு மாதிரி ஓட்டியிருப்பார்கள். எண்களை எக்ஸெல் மாற்றும். ஓட்டிய விதத்தை அதனால் மாற்ற முடியாது.

வீட்டுப் பாடம் ஒன்று. 1984-ல் நிக்கி லாடா 72, ப்ராஸ்ட் 71.5. மழையால் பாதியில் நின்ற மொனாக்கோவில் வென்ற ப்ராஸ்டுக்குப் பாதிப் புள்ளி, அதாவது 4.5 கிடைத்தது. லாடாவுக்கு அங்கே புள்ளி இல்லை. பந்தயம் முழுதாக நடந்து, ப்ராஸ்ட் இரண்டாவதாக வந்து 6 பெற்றிருந்தால்? போட்டுப் பாருங்கள். விடை வந்ததும் ஒருமுறை சரிபார்க்கவும் மறக்காதீர்கள்.