எவரெஸ்டை ஆராயும் தம்பிக்கு



1922 எவரெஸ்ட் பயணத்தைப் பற்றி நீங்கள் எழுதிய இயலைப் படித்து முடித்தேன். ஒலிம்பிக் பதக்கங்களைப் பற்றிய பகுதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அந்தப் பயணத்தினருக்கு 1924இல் ஷாமோனியில் மலையேற்றப் பதக்கம் வழங்கப்பட்டது பலருக்குத் தெரியும். பனிச்சரிவில் இறந்த ஏழு சுமைதூக்கிகளுக்கும் அந்தக் கௌரவத்தில் பங்கு இருந்தது என்பதை நீங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். செத்த பிறகு கிடைத்த சமத்துவம் உயிரோடு இருந்தபோது கூலியிலும் கூடாரத்திலும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். இவ்வளவு நேரான கேள்வியை இந்தத் துறையின் அண்மைக்கால ஆய்வுகளில் நான் அதிகம் கண்டதில்லை. அந்தப் பக்கங்களை எழுதியவரின் கையிலிருந்தா மற்றப் பக்கங்களும் வந்தன என்ற கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கோபம் உங்கள் முதல் வாக்கியத்திலேயே தொடங்கிவிட்டது. பழங்கால மனிதர்கள் மலையைக் கண்டு நடுங்கினார்கள், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள்தான் அதை ரசிக்கக் கற்றுத்தந்தார்கள் என்று, ஆதாரமே தேவையில்லாத உண்மைபோல எழுதியிருக்கிறீர்கள். இது மார்ஜரி ஹோப் நிக்கல்சன் 1959இல் வெளியிட்ட நூலிலிருந்து கிளம்பிய கதை. அவர் பேசியது முக்கியமாக ஆங்கில இலக்கியத்தைப் பற்றி. பின்னால் வந்தவர்கள் அதை உலகம் முழுவதற்கும் நீட்டிவிட்டார்கள். அந்த ஐரோப்பாவுக்குள்ளேயே கதை நிற்கவில்லை. 1336இல் பெத்ரார்க்கா வாந்தூ மலையில் ஏறியதை நவீன மனிதனின் பிறப்பு என்கிறார்கள். அவருடைய கடிதத்திலேயே, சரிவில் எதிர்ப்பட்ட கிழட்டு இடையர் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு தானும் உச்சிவரை போனதாகவும், உடம்பும் துணியும் கிழிந்ததுதான் மிச்சம் என்றும் சொல்கிறார். ஏறியவர் பலர், எழுதியவர் ஒருவர்; நவீன மனிதன் என்ற பட்டம் எழுதியவருக்குப் போயிற்று. கான்ராட் கெஸ்னர் 1541இலேயே, உயிர் உள்ளவரை ஆண்டுக்கு ஒரு மலையாவது ஏறுவேன் என்று நண்பருக்கு எழுதினார். யோசியாஸ் சிம்லர் 1574இல் ஆல்ப்ஸ் பற்றி எழுதிய நூலில் காலில் கட்டும் இரும்பு முட்களும், இடுப்பில் கட்டும் கயிறும், பனியின் கூச்சத்திலிருந்து கண்ணைக் காக்கும் மறைப்பும் வருகின்றன. மலை என்றாலே மிரண்டு ஒதுங்கிய சமூகத்தில் இத்தனை கருவிகளுக்கு என்ன வேலை? நிக்கல்சனுக்குப் பெரிய சாட்சியான தாமஸ் பர்னெட்டும், மலைகளைப் பிரளயத்தின் இடிபாடுகள் என்று சொன்ன அதே நூலில், அவற்றைப் பார்க்கும்போது மனம் பெரிய எண்ணங்களுக்கு உயர்கிறது என்று சொல்கிறார்.

ஐரோப்பாவுக்கு வெளியே போனால் நிலைமை இன்னும் தெளிவு. 1907இல் ஜப்பானிய நில அளவைக் குழுவினர் சுருகி மலையில் ஏறினார்கள். மனிதக் கால் படாத செங்குத்துப் பாறை என்று நம்பப்பட்ட உச்சி அது. மேலே அவர்களுக்குக் கிடைத்தவை ஒரு துருப்பிடித்த இரும்பு வாளும், துறவிகள் ஊன்றிச் செல்லும் வளையத் தடியின் உலோகத் தலைப்பகுதியும். அவை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்று பின்னர் கணித்தார்கள். வைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆண்டீஸில் 6,739 மீட்டர் உயரமுள்ள யுயையாகோ உச்சியில், 1999இல், மூன்று இன்காக் குழந்தைகளின் உடல்கள் குளிரில் கெடாமல் கிடைத்தன. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த பலி அது. அந்த உயரத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகவும், மேடை கட்டவும், கல்லும் விறகும் சுமக்கவும் தெரிந்த ஒரு சமூகம் மலையை அறியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அவர்கள் வழிபாட்டுக்குப் போனார்கள், ஏறுவதற்காகவே ஏறுவதுதான் புதுமை என்று நீங்கள் மறுக்கலாம். இந்த மறுப்பில் பாதி எனக்கு உடன்பாடு. 1857இல் லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கியபோது ஏதோ ஒன்று உண்மையிலேயே மாறியது. உச்சிகளைப் பட்டியலிட்டு, முதலில் ஏறியவர் இன்னார் என்று பதிந்து, அந்தப் பதிவை ஒரு சங்கத்தின் இதழில் அச்சிட்டு வைக்கும் பழக்கம் முன்பு இல்லை. மாறியது கணக்கெழுதும் முறை. அதைக் கொண்டு மனிதர்களின் உணர்ச்சியே மாறிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. நோக்கம் தூய்மையாக இருந்தால்தான் மலையேற்றம் என்றால் எவரெஸ்டுக்கே அந்தத் தகுதி கிடைக்காது; 1922இல் போனவர்களும் பேரரசின் பெருமையைத் தோளில் சுமந்துகொண்டுதான் போனார்கள்.

இந்த முதல் வாக்கியம் வெறும் முன்னுரை அலங்காரமாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். அது உங்கள் இயலின் உள்ளே போய் வேலை செய்கிறது. மலைவாழ் மக்கள் அஞ்சியவர்கள் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டதால், பிறகு அவர்கள் உங்கள் வாக்கியங்களில் எதையும் செய்வதில்லை. கூடாரங்கள் அடிக்கப்பட்டன, தேநீர் தயாரிக்கப்பட்டது, சுமைகள் நான்காம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பயணக் குழுவின் மலோரி ஏறுகிறார், சாமர்வெல் ஏறுகிறார், மூட்டைகள் மட்டும் தாமாகவே மேலே போய்விடுகின்றன. ஜூன் 7 அன்று பனி சரிந்து ஒன்பது சுமைதூக்கிகளை அடித்துக்கொண்டு போன இடத்தில்தான் அவர்களுக்கு உங்கள் இயலில் முதல்முறையாக உடம்பு வருகிறது. இருவரை உயிரோடு மீட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். சாவதற்கு முன்பும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள், தம்பி.

ஷெர்பாக்கள் உச்சியில் தெய்வம் இருப்பதாக அஞ்சியது உண்மைதானே என்று கேட்பீர்கள். 1955இல் கஞ்சன்ஜங்காவில் ஏறிய பிரிட்டிஷ்காரர்கள், சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்குப்படி, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுகொண்டார்கள். அதை யாரும் அச்சம் என்று எழுதவில்லை, மரியாதை என்றே எழுதுகிறார்கள். ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கத்தை ஆய்வாளர் பின்பற்றலாகாது. ரோங்புக் மடத்தின் தலைவர் ஜாத்ருல் ரின்போச்சே 1922 குழுவினரைச் சந்தித்தவர். தன் வரலாற்றை எழுதிவைத்தவர். தேவையில்லாத ஒரு காரியத்துக்காக இவர்கள் இத்தனை துன்பப்படுகிறார்களே என்று அவர் இரக்கப்பட்டார். ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் மடம் கட்டி வாழ்ந்தவரின் நிதானமான தீர்ப்பு அது. மானுடவியலாளர் ஷெரி ஓர்ட்னர் 1999இலேயே இதை எடுத்துப் பேசியிருக்க, உங்கள் இயலில் ரின்போச்சே ஆசி வழங்கும் ஒரு படமாக மட்டும் வந்துபோகிறார்.

சான்றுகள் ஒருபக்கச் சாய்வானவை, நான் என்ன செய்வது என்ற உங்கள் அடிக்குறிப்பைப் பார்த்தேன். சாய்வு உண்மை. பெயர் தெரியாத இடத்தில் 'நூல் பெயர் சொல்லாத ஒருவர் சுமந்தார்' என்று எழுதுங்கள். வினைக்கு ஆள் இருந்தது வாசகருக்குத் தெரியட்டும். பயண நூல்களின் பின்னிணைப்புகளைப் படியுங்கள். கதைப் பகுதியில் காணாமல்போனவர்கள் உணவு, போக்குவரத்துக் கணக்குகளில் தலைகாட்டுவார்கள். ஷெர்பா ஆங் தார்க்கேயின் நினைவுக் குறிப்புகள் 1954இலேயே பிரெஞ்சில் வெளிவந்துவிட்டன. இன்னொன்று என்னால் பொறுக்கவே முடியவில்லை. பனிச்சரிவு நாளில் அந்தச் சரிவில் இருந்த சாமர்வெல், பயணம் முடிந்ததும் வந்து சேர்ந்த இடம் நாகர்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள நெய்யூர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்குள்ள மிஷன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தவர். அங்கிருந்துதான் 1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். இறந்த ஏழு பேரோடு நம்மில் ஒருவராவது ஏன் சேர்ந்து சாகவில்லை என்று வருந்தி எழுதியவரும் அவரே. லண்டன் ஆவணக் காப்பகத்துக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்திருக்கும் தமிழ் ஆய்வாளரின் இயலில் நெய்யூர் என்ற பெயரே இல்லை.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலை வரலாற்றுக்கென்று தனித் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தைத் தேடிக் காத்திருக்காதீர்கள். வரலாறு, மானுடவியல், சமயவியல், சூழலியல் வரலாறு என்று எந்தக் கதவு திறந்தாலும் நுழையலாம். பதக்கங்களைப் பற்றிய அந்தப் பகுதி நான்கு துறைகளுக்கும் பேசும், அதைத் தனிக் கட்டுரையாக முதலில் வெளியிடுங்கள். திபெத்திய மொழியை இந்த ஆண்டே தொடங்குங்கள், வேலை கிடைத்த பிறகு அதற்கு நேரம் இருக்காது. முதல் பத்தியை நீக்கிவிட்டு இயலை மறுபடி அனுப்புங்கள். நெய்யூர் போய்வந்த பிறகு அனுப்பினால் போதும்.

அன்புடன்.