சுண்டெலியின் புண்ணும் தோல் ஷாப்பின் புண்ணும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் கூடத்து வேலைக்குப் போகிறவர்களின் கையில் ஆறாத புண்ணைக் கண்டால், "குரோம் தின்றுவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது ஜனங்களின் வழக்கம். இது பாதி உண்மைதான். சுண்ணாம்புக் குழியில் சேர்க்கும் சோடியம் சல்பைடு, ஆட்டுத் தோலின் மயிரைக் கரைக்கும் அதே ரசாயன நியாயத்தால், கையுறையின்றி வேலை செய்கிறவருடைய சருமத்தையும் நகத்தையும் அரிக்கிறது. அதில் குரோமுக்குச் சம்பந்தமே இல்லை. தோலைப் பதனிட டிரம்மில் சுழலும் குரோம் உப்போ மூவிணைதிறன் கொண்டது, சருமத்துக்குள் எளிதில் புகாதது. உட்புகுந்து, துளையிட்டாற்போன்ற புண்ணை உண்டாக்க வல்லது அறுவிணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை மலையாகக் குவித்துவிட்டுப் போன கழிவில் இருப்பது அதுவே.

புண்ணின் காரணத்தைப் பற்றிப் படித்தவர்களிடையே உலவும் நம்பிக்கை வேறு: மனிதனுக்குப் பதிலாகச் சோதிக்கப்படும் சுண்டெலியின் புண்ணில் எந்த மரபணுக்கள் மிகுதியாக வேலை செய்கின்றன என்று அளந்துவிட்டால் வியாதியின் மூலகாரணம் அகப்பட்டுவிடுமாம். அளக்கப்படுவது ஆர்.என்.ஏ.; அதாவது, தோலை வெட்டியெடுத்த அந்தக் கணத்தில் எந்தெந்த மரபணு எவ்வளவு இயங்கிக்கொண்டிருந்தது என்ற கணக்கு. ஆராய்ச்சிக்கூடங்களில் ஏராளமாக வளர்க்கப்படும் சி57 பிளாக் 6 என்னும் கரிய சுண்டெலிக்கு, யாரும் ஒன்றும் செய்யாமலே பிடரியில் அரிப்பெடுத்து, பின்னங்கால் நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி ஆழ்ந்த புண் உண்டாவதுண்டு. அப்புண்ணில் அழற்சி மரபணுக்கள் ஓங்கியிருப்பதைக் கண்டு அவையே காரணம் என்பது, எரிகிற வீட்டைச் சுற்றி ஓடுகிறவர்களையெல்லாம் தீ வைத்தவர்கள் என்பது போலாகும். நகங்களைக் கத்தரித்துவிட்டாலே இப்புண்களில் பெரும்பாலானவை ஆறிவிடுவதாகக் கண்டிருக்கிறார்கள். மரபணுப் பட்டியலில் நகத்துக்கு இடம் ஏது?

சுண்டெலிக்கு உற்றதெல்லாம் மனிதனுக்கும் உறும் என்பதும் அவ்வளவு நிச்சயமன்று. காலணியின் பக்கிளில் இருக்கக்கூடிய நிக்கல், மனித தேகத்திலுள்ள டி.எல்.ஆர்.4 என்னும் புரதத்தைப் பற்றி ஒவ்வாமையைத் தூண்டுகிறது. சுண்டெலியின் அதே புரதத்தில் பற்றுவதற்குரிய இடம் இல்லையென்று 2010இல் தெரியவந்தது. 2013இல் ஓர் அமெரிக்கக் குழு, அழற்சியில் இரு ஜீவன்களின் மரபணு வெளிப்பாடும் ஒத்துப்போகவில்லை என்றது; மறு ஆண்டிலேயே ஜப்பானியர் இருவர், அதே தரவுகளை வேறு முறையில் கணக்கிட்டு, நன்றாகவே ஒத்துப்போகின்றன என்றனர்.

ஆதலால், ஷாப்புத் தொழிலாளியின் கையிலுள்ள படை குரோம் ஒவ்வாமையா என்பதை நிர்ணயிக்க இன்றும் வைத்தியர் நாடுவது பழைய முறையைத்தான்: பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த களிம்பை அவர் முதுகில் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பது.