பட்ஜெட்டுக்குள்ள ஒரு கேமிங் லேப்டாப்: தங்கச்சிக்கு அக்கா சொல்றது

பத்தாவது முடிச்ச பொண்ணு கேமிங் லேப்டாப் கேக்குறா, கையில 70,000 ரூபாதான் இருக்கு, அதுக்கு மேல கடன் வாங்க மாட்டேன்னு சொன்னே. நல்ல முடிவு, அதுல உறுதியா இரு. அந்தக் காசை எதுல போடணும், எதுல போடவே கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, அவ ஆட நினைக்கிற கேம் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லு. வெறுமனே "கேமிங் லேப்டாப் வேணும்"னு போய் நின்னா கடைக்காரர் கையில இருக்கிற விலை உயர்ந்த மாடலைத்தான் முதல்ல எடுத்து வைப்பார். பட்டியல்ல ஃப்ரீ ஃபயரும் பிஜிஎம்ஐயும் மட்டும்தான் இருக்குன்னா இந்தச் செலவே வேண்டாம். ரெண்டும் போனுக்குன்னே செஞ்ச கேம். மைன்கிராஃப்ட், ரோப்ளாக்ஸ், வாலரன்ட் இருந்தா அதுவும் லேசான ரகம்தான். வாலரன்டுக்குக் குறைஞ்சபட்சம் வேணும்னு அதைச் செஞ்ச கம்பெனியே சொல்றது, பழைய இன்டெல் ஹெச்டி 4000 கிராஃபிக்ஸும் 4 ஜிபி ரேமும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, 16 ஜிபி ரேம் உள்ள ஒரு நல்ல சாதாரண லேப்டாப்லயே இதெல்லாம் ஓடும். மிச்சமாகிற காசு பிளஸ் ஒன் செலவுக்கு ஆகும்.

ஜிடிஏ 5, ஃபோர்ஸா ஹொரைசன், சைபர்பங்க் 2077 மாதிரி பெயர்கள் பட்டியல்ல இருந்தாத்தான் தனி கிராஃபிக்ஸ் கார்டு பத்தி யோசிக்கணும். "ஜிடிஏ 6 வரப்போகுது, அதுக்காகத்தான்"னு சொன்னா நம்பி வாங்கிடாதே. அதை பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும்தான் அறிவிச்சாங்க. இன்னொண்ணும் கவனி. ஐரோப்பாவுல கேமுக்கு வயசு வரம்பு போடற பெகி அமைப்பு மைன்கிராஃப்டுக்கு 7, வாலரன்டுக்கு 16, ஜிடிஏ 5க்கு 18னு போட்டிருக்கு. எதுக்குச் சரி சொல்வே, எதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்னு சொல்வேங்கிறதை, மாப்பிள்ளையையும் உக்கார வச்சு இப்பவே பேசிடு. லேப்டாப் வீட்டுக்கு வந்தப்புறம் பேசினா அது சண்டையாத்தான் முடியும்.

சரி, பட்டியல்ல பெரிய கேம் இருக்குன்னே வச்சுக்குவோம். உன் காசுல பெரும்பங்கு போக வேண்டிய இடம் கிராஃபிக்ஸ் கார்டுதான். ஏன்னா ரேமைப் பிறகு கூட்டலாம், எஸ்எஸ்டியை மாத்தலாம், லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாத்தவே முடியாது. வாங்கின அன்னைக்கு என்ன இருக்கோ அதோடதான் கடைசி வரைக்கும். குறைஞ்ச விலையில கண்ணுல படறது பெரும்பாலும் என்விடியா கம்பெனியோட ஆர்டிஎக்ஸ் 2050, 3050, 4050. இதுல 2050ஐ நான் உனக்குச் சொல்ல மாட்டேன். 4 ஜிபி மெமரி இருந்தாலும், அந்த மெமரிக்கும் சிப்புக்கும் நடுவுல தரவு போற பாதை 64 பிட்தான். 4 ஜிபி 3050ல அது 128 பிட். அதனால பெரிய கேம் போட்டா 2050 சீக்கிரமே திணறிடும். 3050லயே 4 ஜிபி, 6 ஜிபின்னு ரெண்டு உண்டு. புதுசா வர்ற கேம் எல்லாம் மெமரியை நிறைய கேக்குது, அதனால 6 ஜிபியையே கேளு. ஆஃபர்ல 4050 உன் பட்ஜெட்டுக்குள்ள சிக்கினா யோசிக்காம எடு.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, விளம்பரத்துல இதைப் பெருசாப் போட மாட்டாங்க. ஒரே பேருள்ள கார்டு எல்லா லேப்டாப்லயும் ஒரே வேகத்துல ஓடாது. ஒவ்வொரு மாடல்லயும் கார்டுக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கணும்னு அந்த லேப்டாப் கம்பெனியே முடிவு பண்ணும். அதைத்தான் டிஜிபின்னு சொல்றாங்க. 4050க்கு என்விடியா வச்சிருக்கிற வரம்பு 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும். மெல்லிசா, அழகா இருக்கிற லேப்டாப்ல 45 வாட்ல ஓடற 4050யை விட, தடியா இருக்கிற லேப்டாப்ல 95 வாட்ல ஓடறது எவ்வளவோ மேல். கம்பெனியோட வெப்சைட்ல அந்த மாடலோட முழு விவரப் பக்கத்துல இது இருக்கும். இல்லேன்னா அதே மாடலை யாராவது யூடியூப்ல சோதிச்சிருப்பாங்க, அதைப் பாரு. கடையில நின்னுக்கிட்டே கண்டுபிடிக்கணும்னா சார்ஜரை எடுத்துப் பாரு. 90 வாட் சார்ஜர்னு போட்டிருந்தா, கார்டுக்குப் போதுமான மின்சாரம் போகலைன்னு அர்த்தம்.

பிராசசர்ல "ஐ7 எடுத்துக்கோங்க மேடம், வேகமா இருக்கும்"னு கடையில சொல்வாங்க. வேண்டாம். ஐ5, ரைசன் 5 போதும். ஐ7க்குப் போகிற அந்தக் காசு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். நீ பாக்க வேண்டியது எண்ணுக்குப் பின்னாடி இருக்கிற எழுத்து. ஹெச் அல்லது ஹெச்எஸ்னா கனமான வேலைக்கு, யூன்னா பேட்டரியை மிச்சப்படுத்தறதுக்கு. ஏஎம்டியோட 7000 வரிசையில மூணாவது எண்ணையும் பாரு, அதுதான் உள்ள இருக்கிற வடிவமைப்பு எந்தத் தலைமுறைன்னு சொல்லும். 7520யூங்கிற சிப் புதுசு மாதிரி தெரியும். ஆனா மூணாவது எண் 2, அதாவது 2019ல வந்த ஜென் 2 வடிவமைப்பு.

ரேம் 16 ஜிபி. "8 ஜிபி வாங்கிட்டு அப்புறம் இன்னொரு 8 போட்டுக்கலாம்"னு முன்னாடி நானே எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன், அப்போ அது லாபம். 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறிப் போச்சு, ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் பெரும்பாலும் போகுது. அதனால இப்போ 16 ஜிபியோட வர்ற மாடலா பாரு. ஒரே 16 ஜிபியா இல்லாம 8, 8னு ரெண்டு குச்சியா இருந்தா கேம் இன்னும் நல்லா ஓடும். எஸ்எஸ்டி 512 ஜிபி இருக்கட்டும். ஜிடிஏ 5 ஒண்ணே 100 ஜிபிக்கு மேல அடைச்சுக்கும், அதனால இன்னொரு எஸ்எஸ்டி போட காலி ஸ்லாட் இருக்கான்னு கேட்டு வை. ஸ்கிரீன் 144 ஹெர்ட்ஸ் போதும். கலர் கலரா எரியற கீபோர்டுக்குத் தனியா காசு கொடுக்காதே.

செகண்ட் ஹேண்ட் பாக்கலாமான்னு மாப்பிள்ளை கேட்டிருப்பார். சென்னைக்குப் போனா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஏறி இறங்கலாம், தப்பில்லை. ஆனா இன்டெல் எட்டாவது தலைமுறைக்கு முந்தின பிராசசரைத் தொடாதே. அதுல விண்டோஸ் 11ஐ முறைப்படி போட முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திடுச்சு. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லு, விண்டோஸ்லயே அந்த வசதி இருக்கு. புதுசுல எவ்வளவு தாங்கிச்சு, இப்போ எவ்வளவு தாங்குதுன்னு ரெண்டு எண் வரும். பாதிக்குக் கீழ போயிருந்தா பேட்டரி மாத்தற செலவை விலையில கழிச்சுக் கேளு.

ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா தீபாவளியை ஒட்டி வர்ற சேல் வரைக்கும் பொறு. எம்ஆர்பியில இருந்து இவ்வளவு தள்ளுபடின்னு போடறதைப் பாக்காதே. பிடிச்ச மாடலோட விலையை ஒரு மாசமா குறிச்சு வச்சுக்கிட்டு வந்தாத்தான் குறைஞ்சிருக்கா இல்லையான்னு தெரியும். நோ காஸ்ட் இஎம்ஐயில வட்டியைத் தள்ளுபடியாக் கழிச்சுடுவாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், சில பேங்க்ல பிராசசிங் கட்டணமும் உன் தலையிலதான் விழும். கடையில விலை ரொம்பக் குறைவா சொன்னா விண்டோஸ் இருக்கான்னு கேளு. டாஸ் மட்டும் போட்டு விக்கிற மாடலும் உண்டு, அப்போ லைசென்ஸ் செலவு தனி.

பெட்டி வந்ததும் பிரிக்கறதை முழுசா வீடியோ எடு. பெட்டி மேல இருக்கிற சீரியல் நம்பரும் லேப்டாப் அடியில இருக்கிறதும் ஒண்ணான்னு பாரு. ஆன் பண்ணினதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போ. ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட், எந்த கிராஃபிக்ஸ் கார்டு, அதுல எத்தனை ஜிபின்னு எல்லாம் அங்கேயே தெரியும். மாத்திக் கொடுக்கிற கெடு முடியறதுக்குள்ள அவளை விட்டு பெரிய கேம் ஒண்ணை ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாக்கச் சொல்லு.

கேமிங் லேப்டாப் பேட்டரியில ஓடும்போது வேகம் பாதியாக்கூடக் குறையும், சார்ஜும் ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துல தீர்ந்துடும். ஒழுங்கா ஆடணும்னா சார்ஜர்ல போட்டுத்தான் ஆகணும். அதனால ஹால்ல, எர்த் சரியா இருக்கிற பிளக் பாயின்ட் பக்கத்துல ஒரு மேஜை போட்டுக் கொடு. படிக்கறதுக்கு எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகட்டும், ஆட்டம் அந்த மேஜையில மட்டும். மெத்தை மேல வச்சா அடியில காத்து போற வழி அடைச்சு சூடேறும்னு அவளுக்கே காட்டிப் புரிய வை, சொன்னாக் கேக்கிற பொண்ணுதான்.

வாங்கறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர் உங்க ஊர்ல இருக்கா, வீட்டுக்கே வந்து பாக்கிற வாரன்டியான்னு விசாரிச்சுடு. வாங்கின வாரமே கம்பெனி வெப்சைட்ல சீரியல் நம்பரைப் போட்டு வாரன்டி எந்தத் தேதியில ஆரம்பிச்சிருக்குன்னு பாரு. சில சமயம் சரக்கு கம்பெனியில இருந்து கிளம்பின தேதியில இருந்தே ஓட ஆரம்பிச்சிருக்கும். அப்படி இருந்தா ஜிஎஸ்டி பில்லை அனுப்பி, வாங்கின தேதிக்கு மாத்தச் சொல்லு. அந்தப் பில்லை ஒரு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பி வை, தேடும்போது ரெண்டு பேர்ல ஒருத்திகிட்டயாவது இருக்கும்.