பின்சக்கரத்துக்கு நூல் பிடிக்கத் தெரியுமா?

உயரம் இறக்கிய கார் ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றால் உடனே அலைன்மென்ட் மெஷினைப் போடாதீர்கள். பின்டயர் பக்கத்தில் குந்துங்கள். டார்ச் அடித்து, கம்பி வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள் (பார்க்காமல் கை வைத்து நான் ஒருமுறை உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேன்). பிறகு வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு, உள்ளிருந்து வெளியே ஒரு தடவு. போகும்போது வழுக்கி, திரும்பும்போது அரம் மாதிரிக் கையைப் பிடித்தால் டோ (சக்கரம் நேர்கோட்டிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தப்பு. இரண்டு தடவலிலும் வழுவழு, உள்விளிம்பு மட்டும் மொட்டை என்றால் கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) சந்தேகப்படலாம்.

வேலூர்–போளூர் சாலையில், படவேட்டுக்குத் திரும்பும் சந்தவாசல் மாதிரி ஊரில் அலைன்மென்ட் வேலை கற்றுக்கொண்டு பிழைக்க முடியுமா என்று தறி வீட்டுப் பையன்கள் கேட்கிறார்கள். முடியும். ஆனால் முன்சக்கரத்தில் டோவை மட்டும் திருப்பிவிட்டு அனுப்பும் கடைகள் ஏற்கெனவே நிறைய. பின்சக்கரம் என்றால் "அதுல அட்ஜஸ்ட்மென்ட் கிடையாதுப்பா" என்று கை விரிப்பார்கள். அந்த இடம்தான் உங்களுக்கு.

டோ எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து அரை டிகிரி திரும்பியிருந்தால், ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் டயர் கிட்டத்தட்ட 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஐந்தரை மீட்டர்ப் பட்டுப்புடவை ஒன்றரை நீளத்துக்கு ரப்பரைத் தார்ச்சாலையில் தேய்ப்பது போல. ஆரணிப் பக்கத்தில் வாடிக்கையாளருக்கு இப்படிச் சொன்னால் உடனே புரிகிறது. டிகிரி என்று சொன்னால் செல்போனை எடுத்துக்கொள்கிறார்.

அடுத்து, வண்டிக்குக் கீழே பாருங்கள். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 போன்றவற்றில் பின்னால் ஒரே பீம். வண்டியை இறக்கினாலும் பீமோடு இரண்டு சக்கரமும் சேர்ந்தே மேலேறுவதால் கேம்பரும் டோவும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் இறக்கிய ஸ்விஃப்டில் பின்டயர் ஒரு பக்கம் தேய்ந்தால் ஸ்பிரிங்கைத் திட்டுவதற்கு முன் பீம் வளைந்திருக்கிறதா, ஸ்டப் ஆக்ஸில் அடி வாங்கியதா, பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் அடி வாங்கிய கதை வாடிக்கையாளர் வாயிலிருந்து பாதி வேலை முடிந்த பிறகுதான் வரும்.

பிஎம்டபிள்யூ 3, ஸ்கோடா லாரா, 2006-இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக் ஆகியவை வேறு ஜாதி. பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி ஆர்ம்களில் தொங்குகிறது. இறக்கினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். கூடவே டோவும் நகரும். கண்ணுக்குத் தெரிவது கேம்பர், டயரைத் தின்பது அதிகமும் டோ. கேம்பரில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். டோ மட்டும் கம்பெனி அளவுக்குள் வந்தே ஆக வேண்டும்.

இனி வேலை. டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கியில் மூட்டை இருக்கக் கூடாது. ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் உயரம் அளந்து எழுதுங்கள். இடம் வலம் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புஷ் கிழிந்திருந்தால் மாற்றாமல் அளக்காதீர்கள், அந்த அளவு நாளைக்கு நிற்காது. பின்னால் முதலில், முன்னால் பிறகு: பின்சக்கரம் காட்டும் திசையில்தான் வண்டி ஓடுகிறது, அது கோணலாக இருக்க முன்னால் மட்டும் நேராக்கினால் ஸ்டீயரிங் கோணிக்கொண்டு நிற்கும். பின்னாலும் கேம்பர் முதலில், டோ கடைசி. கேம்பரைத் தொட்டால் டோ தானாக மாறும்.

பீம் வண்டியில் திருத்த வேண்டுமென்றால் ஸ்டப் ஆக்ஸிலுக்கும் பீமுக்கும் நடுவே சரிவான ஷிம் போட வேண்டும். போல்ட்டுகளுக்கு இடையே 100 மி.மீ. இருந்தால் 1 டிகிரிக்குச் சுமார் 1.75 மி.மீ. தேவை. ஒரு போல்ட்டில் மட்டும் வாஷர் சொருகி முறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தகடு முழுதாகப் படியாது, போல்ட் தளரும். பீமைச் சூடுகாட்டி நிமிர்த்துவதும் வேண்டாம். தனி ஆர்ம் வண்டிக்கு அட்ஜஸ்டபிள் ஆர்ம் கிடைக்கிறது. அதை மாட்டும்போது பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக முறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு.

மெஷின் இல்லையா? புதுச்சேரியில் மானாடெக் கம்பெனி தயாரிக்கிறது, வாங்கும் காலம் வரும். அதுவரை நான்கு ஸ்டாண்டில் இரண்டு நூல் கட்டி, காரின் இரு பக்கமும் நீட்டுங்கள். முன், பின் ஹப்பிலிருந்து நூல் வரையுள்ள தூரம் இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும். பிறகு பின் ரிம்மின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் நூலிலிருந்து அளந்து பாருங்கள். முன்விளிம்பு பின்விளிம்பைவிட 2 மி.மீ. நூலிலிருந்து தள்ளியிருந்தால், 15 அங்குல ரிம்மில் அது கால் டிகிரிக்கு மேல் டோ-இன். பாவு நூல் பிடித்துப் பழகிய கைக்கு இது புதிதல்ல. தறியில் ஒரு இழை தளர்ந்தாலே கண்டுபிடிக்கிறவர்கள் நம்மவர்கள்.

ஸ்பிரிங்கை அறுத்து இறக்கிய வண்டி வந்தால் வேலை எடுக்காதீர்கள். வீல் தொங்கும்போது அந்த ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவலாம். சரியான ஸ்பிரிங் போட்டு வரச் சொல்லுங்கள். சட்டத்தையும் சொல்லிவிடுங்கள்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி விவரத்துக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன சொல்வார்கள் என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள்.

படிப்பு? ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருடம். சர்டிஃபிகேட் வேலைக்கு உள்ளே நுழைய உதவும். கை திருந்துவது டயர் கடையில். சேரும்போது சம்பளம் கேட்பதோடு, அந்தக் கடையில் பின்சக்கரத்தை அளக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பில்லில் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு, நான்கு மூலை உயரம், தேதி மூன்றும் இருக்கட்டும். புது ஸ்பிரிங் என்றால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வரச் சொல்லுங்கள், ஸ்பிரிங் படிந்து உயரம் இறங்கியிருக்கும். அந்த இரண்டாவது அளவுக்குக் காசு வாங்காதீர்கள்.