விருந்திற்கு உகந்த அரிசிப் பூரணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் திருநாளாகும். 1941-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாளை உறுதி செய்தது. அன்று வான்கோழியைச் சுட்டு, அதனுடன் பூரணம் ஒன்றையும் பரிமாறுவர். பெரும்பாலான மாநிலங்களில் அப்பூரணம் ரொட்டித் துண்டுகளால் ஆவது. தென்கோடியிலுள்ள லூயிஸியானா மாநிலத்தின் பல இல்லங்களிலோ அது அரிசியால் ஆவது. தம் வயலில் விளைந்ததைத் தம் விருந்தில் வைப்பது உழவர் இயல்பன்றோ?

அம்மாநிலத்தின் தென்மேற்குச் சமவெளி நெல் விளையும் பூமி. அங்குள்ள க்ரௌலி நகரில் 1937-ல் தொடங்கப்பெற்ற நெல் திருவிழா பெயர் பெற்றது. அண்டை மாநிலமாகிய ஆர்க்கன்ஸாவில் 1921-ல் நெல் உழவர்கள் ஒன்றுகூடி நிறுவிய கூட்டுறவுச் சங்கம், இன்று ரைஸ்லண்ட் என்னும் பெயரால் விளங்குகிறது. உறுப்பினரின் நெல்லை உலர்த்தி, அரைத்து, விற்பது அதன் பணி.

தேவையான பொருள்கள் (எட்டுப் பேருக்கு)

நீண்ட மணி அரிசி 2 கோப்பை (சுமார் 400 கிராம்), கோழி ஈரலும் அரைவைப்பையும் 250 கிராம், கொத்திய இறைச்சி 250 கிராம், வெங்காயம் 2, செலரித் தண்டு 2, குடைமிளகாய் 1, பூண்டு 4 பல், வெங்காயத்தாள் ஒரு பிடி, எண்ணெய், உப்பு, மிளகு, மிளகாய்த்தூள். புலால் உண்ணாதார் இறைச்சிக்கு மாற்றாகக் காளானும், இறைச்சிச் சாற்றுக்கு மாற்றாகக் காய்கறி வேகவைத்த நீரும் கொள்க.

செய்முறை

1. அரைவைப்பையை உப்பு நீரில் ஒரு மணி நேரம் மெல்ல வேகவிடுக. அந்நீரைக் கொட்டலாகாது, பூரணத்தின் சுவையெல்லாம் அதில்தான் உள்ளது.

2. அச்சாற்றில் 3½ கோப்பை அளந்து (குறைந்தால் நீர் சேர்த்து), அரிசியை மூடி 15 நிமிடம் வேகவிடுக. மணி சற்றே விறைப்பாக இருக்கும்போதே இறக்குக. அடுத்துச் சூட்டடுப்பில் அது மேலும் ஈரத்தை உறிஞ்சும். இப்போதே குழைந்தால் பின்னர்க் களியாகிவிடும். குறுமணி அரிசியைத் தவிர்ப்பதற்கும் காரணம் இதுவே: அது எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

3. எண்ணெயில் கொத்திய இறைச்சியைப் பழுப்பேற வதக்குக. அடியில் ஒட்டும் பழுப்பைச் சுரண்டிக் கலந்துகொள்க. பின் வெங்காயம், செலரி, குடைமிளகாய், பூண்டு ஆகியவற்றையும், பொடியாய் நறுக்கிய ஈரலையும் அரைவைப்பையையும் சேர்த்து வதக்குக. ஈரலால் சோறு பழுப்பு நிறம் கொள்ளும். ஆதலின் இவ்வகை உணவை "அழுக்குச் சோறு" என்றும் விளையாட்டாக அழைப்பர்.

4. சோற்றையும் வெங்காயத்தாளையும் மற்றவற்றையும் கலந்து, அகன்ற தட்டில் பரப்பி, அரைக் கோப்பை சாறு தெளித்து மூடுக. 175 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள சூட்டடுப்பில் 25 நிமிடம் வைத்து, பின் மூடியை நீக்கி மேலும் 10 நிமிடம் வைத்தால் மேற்பரப்பு மொறுமொறுப்பாகும்.

கவனிக்க வேண்டியவை

பூரணத்தைப் பறவையின் வயிற்றில் நிரப்பிச் சுடுவதும் உண்டு. அவ்வாறு செய்தால் பச்சை இறைச்சியின் நீர் பூரணத்தில் இறங்கும். பறவை வெந்தபோதும் பூரணத்தின் நடுப்பகுதி போதிய சூடடையாமல் இருக்கலாம். நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினாலன்றி நோய்க்கிருமிகள் அழியா. அதற்காக நெடுநேரம் சுட்டால் பறவையின் இறைச்சி வறண்டுபோம். ஆகவே தனித் தட்டில் சுடுவதே நலம்.

மற்றொன்று: வெந்த சோற்றை வெளியே நெடுநேரம் வைத்தல் தீது. "பாசில்லஸ் சீரியஸ்" என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிநீரிலும் பிழைத்திருந்து, சோறு ஆறியபின் பெருகும். அவை உண்டாக்கும் நஞ்சுகளுள் வாந்தியை விளைவிப்பது மீண்டும் சுடவைத்தாலும் அழிவதில்லை. எஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமற்ற பாத்திரத்தில் பரப்பிக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். விருந்தன்று பலர் உண்ணும் உணவு ஆதலின், இவ்விதியில் தளர்ச்சி கூடாது.

வினாக்கள்

1. அரிசியை முழுதும் வேகுமுன் இறக்குவது ஏன்?
2. பூரணத்தைத் தனித் தட்டில் சுடுவதால் விளையும் நன்மைகள் யாவை?
3. மீண்டும் சுடவைத்தால் போதும் என்று எண்ணுவது ஏன் தவறு?