ஈரடியில் ஒரு மாயவுலகு

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால், அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தை அடையலாம். முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கோயில் அங்கே இன்றும் ஓங்கி நிற்கின்றது. சோழர் வாழ்ந்த மாளிகையோ செங்கல் அடித்தளமாக மட்டும் எஞ்சியுள்ளது. அந்நகரைத் தலைநகராகக் கொண்டு 1070-ஆம் ஆண்டில் அரசுகட்டில் ஏறியவன் முதற் குலோத்துங்கன். அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற செய்தியைச் சயங்கொண்டார் என்னும் புலவர் பாடினார். அந்நூலே கலிங்கத்துப்பரணி.

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவது பரணி என்பர். தோற்ற நாட்டின் பெயரை நூலுக்கு இடுவது மரபு. இந்நூலில் ஏறத்தாழ 600 தாழிசைகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டே அடி. அவ்விரண்டடிக்குள் புலவர் காட்டும் உலகமோ நாம் கண்ணாற் காணாதது. காளியும் அவளைச் சூழ்ந்த பேய்க்கணமும் வாழ்வது.

மாணாக்கருட் சிலர் இத்தகைய பாட்டைக் கண்டதும், "இது நடக்கக் கூடியதா?" என்று கேட்டு ஏட்டை மூடிவிடுவர். அவ்வினா கேட்கத் தக்க இடம் வேறு. நம் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கின்றதே, அதன் முன் நின்று அவ்வாறு கேட்பது நன்று. மரம் எவ்வாறு கல்லாயிற்று என்பதற்கு அறிவியலார் விடை கூறுவர். பாட்டைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டுவது, "இக்கற்பனையைப் புலவர் எந்த உண்மையைக் கொண்டு செய்தார்?" என்பதே.

காளி வாழும் பாலைநிலத்தைப் பாருங்கள். கதிரவன் குடித்துவிடுவானோ என்று அஞ்சி, அங்கிருந்த நிழலே ஓடிப்போயிற்றாம். தேவர்கள் தரையில் கால் பாவாமல் இருப்பதற்கும் அந்நிலத்தின் வெம்மையே காரணமாம்! சித்திரை நண்பகலில், மரமில்லாத கரிசல் வெளியை வெறுங்காலோடு கடந்தவனுக்கு இதன் பொருளை எவரும் உரைக்க வேண்டுவதில்லை. வெயிலின் கொடுமை நாம் அறிந்தது. நிழல் ஓடுவது புலவர் படைத்தது. அறிந்ததிலிருந்து படைத்ததற்குத் தாவும் அந்த இடத்தைக் கண்டுகொள்வதே இப்பாட்டுகளைப் படிக்கும் முறை.

பேய்களின் தோற்றமும் இவ்வாறே அமைகின்றது. அவற்றின் வாய் குகையோடு வழக்காடுகின்றது. வயிறோ அவ்வாயால் உண்டு நிரம்பாதது. அமர்ந்தால் முழங்கால்கள் முகத்திற்கு மேலே மூன்று முழம் உயர்கின்றன. பற்கள் மண்வெட்டியையும் கலப்பையையும் கோத்து வைத்தாற்போல் உள்ளன. உழவன் வீட்டுக் கருவிகளை எடுத்துப் பேயின் வாயில் வைத்துவிட்டார் புலவர்! சிரிப்பு வருகின்றது. ஆயினும் சற்றே நின்று நோக்குங்கள். உடல் வற்ற வற்ற முழங்கால் புடைத்துத் தோன்றும். வயிறு ஒட்ட ஒட்டப் பல் நீண்டு தோன்றும். பஞ்சத்தில் வாடிய மனிதனின் உருவமன்றோ இது?

இந்திரசாலம் என்னும் பகுதி யான் மிகவும் விரும்புவது. இமயத்திலிருந்து வந்த முதுபேய் ஒன்று, தான் கற்ற மாயவித்தையைக் காளியின் முன் காட்டுகின்றது. குருதி வெள்ளமும் பிணக்குவியலும் எதிரே தோன்றுகின்றன. பசித்த பேய்கள் பாய்ந்து சென்று அள்ளுகின்றன, வெறுங்கையே மிஞ்சுகின்றது. மென்றால் வாயில் ஒன்றுமில்லை. பேய் என்பதே கற்பனை. அப்பேயை ஏமாற்ற மற்றொரு கற்பனை. இரண்டையும் தாங்கி நிற்பது பசி என்னும் மெய்.

இத்தாழிசைகளைக் கதை கேட்பது போல் விரைந்து படித்தல் தகாது. ஒன்றைப் படித்ததும் கண்ணை மூடி, அது காட்டும் காட்சியை மனத்தில் எழுதிப் பார்த்தபின் அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும். இல்லையேல் நூலின் இறுதியில் வரும் கூழ் விருந்தில் பெரிதும் இழந்துவிடுவோம். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. முரசு உரலாகின்றது, யானைக் கொம்பு உலக்கையாகின்றது. அரிசியாவன இறந்த வீரரின் பற்கள். விரைந்து படிப்பவன் நகைத்துக் கொண்டே போவான். நின்று படிப்பவனுக்கு, அப்பற்கள் நேற்றுவரை ஒருவனுடைய புன்னகையாய் இருந்தவை என்பது தோன்றும்.

புலவர் வெற்றியைப் பாட வந்தவர்; அரசனைப் புகழ்பவர். ஆயினும் அதே களத்தில், வீழ்ந்த கணவரின் உடலைத் தேடிப் பெண்கள் அலைவதையும் அவர் பாடியுள்ளார். அப்பாட்டுகளையும் கூழ்ப் பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை படியுங்கள்.

விருந்தில் ஊமைப்பேய் ஒன்றும் வருகின்றது. அதனால் கேட்க இயலவில்லை. தன் பசியைக் கையாற் காட்டுகின்றது. அக்கையிலேயே கூழை வாருங்கள் என்று மற்றப் பேய்கட்குச் சொல்லப்படுகின்றது.