ஆறு நிமிட நடை

"நாலடி வைத்தாலே அப்புவுக்கு இளைக்கிறது. அவரைப் போய் ஆஸ்பத்திரியில் நடக்கவிட்டுச் சோதிக்கிறார்களே!" என்று குடும்பத்தவர் மனம் நோவதுண்டு. இச்சோதனை ஏன், எப்படி என்று அறிந்தால் பயம் நீங்கும்.

பல வருடம் புகைபிடித்தவர்களுக்கும், காற்றோட்டமில்லாத குசினியில் விறகுப் புகையைச் சுவாசித்தவர்களுக்கும் சுவாசக் குழாய்கள் ஒடுங்கி, சுவாசப்பையின் நுண்ணிய காற்றறைகள் சிதையலாம். உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாது. இருக்கும்போது சமாளிக்கும் உடல் நடக்கும்போது திணறும். ஊதிப் பார்க்கும் கருவி சுவாசப்பையின் நிலையைக் காட்டும். ஆனால் நோயாளி எவ்வளவு இயங்கலாம் என்பதை நடையே காட்டும்.

சோதனை முறை

1. சமதரையில் 30 மீற்றர் அளந்து இரு முனையிலும் அடையாளம் வைப்பர். நோயாளி 6 நிமிடத்தில் தன்னால் இயன்ற தூரம் போய்வந்து நடப்பார். ஓடக்கூடாது.

2. களைத்தால் நின்று இளைப்பாறலாம். நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

3. விரலில் மாட்டும் கருவி குருதியின் ஒட்சிசன் அளவையும் நாடித்துடிப்பையும் காட்டும். இளைப்பின் அளவை 0 முதல் 10 வரையான எண்ணால் நோயாளியே சொல்வார்.

4. நெஞ்சுநோ, தள்ளாட்டம், தாங்கமுடியாத இளைப்பு வந்தாலோ, ஒட்சிசன் 80 வீதத்துக்குக் கீழ் இறங்கினாலோ நிறுத்திவிடுவர்.

வழமையான மருந்தை எடுத்து, வழமையான செருப்புடனும் ஊன்றுகோலுடனும் செல்லுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மேற்பார்வையின்றி இச்சோதனையை வீட்டில் செய்யவேண்டாம்.

இது சித்தியடையும் பரீட்சையல்ல. இடையில் நின்றவர் தோற்றவருமல்லர். நடக்கும்போது ஒட்சிசன் குறைகிறதா, எந்த அளவில் பயிற்சியைத் தொடங்கலாம் என்பவற்றை வைத்தியர் இதிலிருந்து அறிகிறார். சில மாதப் பயிற்சியின்பின் சுமார் 30 மீற்றர் கூட நடந்தால் அது நல்ல முன்னேற்றம்.

இளைப்புக்குப் பயந்து ஒரே இடத்தில் இருந்தால் கால் தசை மெலியும். மெலிந்த கால் விரைவில் களைக்கும். இளைப்பு இன்னும் கூடும். ஊரைவிட்டு வந்து, இறங்கி வேலைசெய்ய வயலின்றி இருப்போருக்கு இந்நிலை எளிதில் நேரும். சிதைந்த காற்றறைகள் பழையபடி வரமாட்டா. ஆனால் கால்கள் பலம் பெறும். ஆகவே வைத்தியர் சொன்ன அளவுக்கு நாளாந்தம் நடக்கவேண்டும். இளைத்தால் நின்று, மூக்கால் மூச்செடுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதவேண்டும்.

கூடிப் பேசுவோம்

1. எமது குடிசையில் அடுப்புப் புகை வெளியேற என்ன செய்யலாம்?

2. இளைப்புள்ள முதியவருடன் நாளாந்தம் நடந்துவர யார் முன்வருவார்?